எபிசோடுக்குப் போட்ட மதிப்பெண் எழுத்தாளருக்குப் போய்ச் சேருமா?

தர்மபுரி நான்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், இப்படி ஒரு வழக்கு அடிக்கடி நடக்கும்: "இவர் எழுதிய எபிசோட் எல்லாம் ஒன்பதுக்கு மேல். அவர் எழுதியது எட்டைக்கூடத் தொடவில்லை. அப்புறம் எதற்குப் பேச்சு?" மதிப்பெண்ணைப் பார்த்தாயிற்று, வரிசை கட்டியாயிற்று, தீர்ப்பும் எழுதியாயிற்று. அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், அம்மா பார்க்கும் சீரியலைப் பற்றி, "ரேட்டிங் இறங்கிவிட்டது, இனி கதையைத் திருப்புவார்கள்" என்று இன்னொரு ரேட்டிங்கைப் பற்றிப் பேசுவார்கள்.

கணக்குப் பாடம் நடத்துகிறவன் என்பதால் இந்த வழக்குகளில் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்கள். எண்ணில் தவறு இருக்காது. அந்த எண் எதை அளந்தது என்பதில்தான் தகராறு. ஒரு தொலைக்காட்சி எழுத்தாளரின் எபிசோடுகளைப் பார்வையாளர் மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் நமக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பார்த்தவர் எத்தனை பேர், பிடித்தது எவ்வளவு

முதலில் டிஆர்பி, அதாவது அம்மாவின் சீரியலுக்குச் சொன்ன அந்த ரேட்டிங். இந்தியாவில் இதை அளப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு. 2015 முதல் இதன் கணக்குகள் வெளிவருகின்றன. நாடெங்கும் நகரத்திலும் கிராமத்திலும் பல ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, டிவியோடு ஒரு மீட்டரை வைக்கிறார்கள். எந்த வீடுகள் என்பது ரகசியம். சேனல்கள் தங்கள் ஒலியில் மனிதக் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புகின்றன. மீட்டர் அதைப் பிடித்து, ஓடுவது எந்தச் சேனல் என்று குறித்துக்கொள்கிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனிப் பொத்தான் உண்டு. உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்தால் மறுபடி அழுத்த வேண்டும்.

பொத்தானை அழுத்திவிட்டுப் பாட்டி சாய்ந்தபடியே தூங்கிப்போனாலும் கணக்கில் அவர் பார்வையாளர்தான். ஆடிப்பெருக்கு அன்று பாதி ஊர் ஒகேனக்கல்லில் இருந்தால், அன்றிரவு ஒளிபரப்பான எபிசோட் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் இங்கே எண்ணிக்கை விழும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் டிவி முன்னால் இருந்தார்கள் என்பதுதான் டிஆர்பி சொல்லும் செய்தி. அவர்களுக்குப் பிடித்ததா என்று அது யாரையும் கேட்பதில்லை.

இரண்டாவது, பார்வையாளர் மதிப்பெண். ஐஎம்டிபி போன்ற, சினிமா, டிவி தொடர் விவரம் தரும் இணையதளங்களில் கணக்கு வைத்திருக்கும் எவரும் ஒரு எபிசோடுக்கு 1 முதல் 10 வரை போடலாம். 1990-இல் சில ஆர்வலர்கள் தொடங்கிய அந்தத் தளம் 1998-இல் அமேசான் கைக்குப் போனது. எபிசோடை முழுதாகப் பார்த்தீர்களா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் சண்டையிட்டது இந்த எண்ணை வைத்து.

ஆக, டிஆர்பி என்பது தலைகளின் எண்ணிக்கை; பார்வையாளர் மதிப்பெண் என்பது வாக்குப் போட வந்தவர்களின் விருப்பம். இனி இரண்டாவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மூன்று பேர் சொன்ன பத்தும் முந்நூறு பேர் சொன்ன ஒன்பதும்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம் பக்கம் போனால் சாலையோரம் கூடை வைத்து விற்பார்கள். ஒரு கடையில் கீற்றைச் சுவைத்த மூன்று பேரும் "பத்துக்குப் பத்து" என்கிறார்கள். அடுத்த கடையில் முந்நூறு பேர் சுவைத்திருக்கிறார்கள். கூட்டிக் கழித்தால் ஒன்பது வருகிறது. எந்தக் கடையில் நம்பி வாங்குவீர்கள்? நம் ஊரில் பழம் வாங்கித் தேறிய எவரும் இரண்டாவது கடைக்குத்தான் போவார். முதல் கடையில் சுவைத்த மூவரும் கடைக்காரரின் மைத்துனர்களாக இருக்கலாம். நல்ல கீற்றே அந்த மூவர் வாயில் விழுந்திருக்கலாம். மூன்று வாயை நம்பி ஒரு கூடையைத் தூக்க முடியாது.

எபிசோடும் அப்படித்தான். சராசரி என்பது போட்ட மதிப்பெண்களைக் கூட்டி, போட்டவர் எண்ணிக்கையால் வகுத்தது. அது எத்தனை பேர் தோளில் நிற்கிறது என்று அதுவாகச் சொல்லாது. இதற்குப் புள்ளியியலில் ஒரு எளிய மருந்து உண்டு. பெயர் நிறையிட்ட சராசரி. ஒவ்வொரு எபிசோடுக்கும் சம எண்ணிக்கையில் கற்பனை வாக்காளர்களைச் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் எல்லோரும் தொடரின் பொதுச் சராசரியையே போட்டதாக வைத்துக்கொண்டு, நிஜ வாக்குகளோடு கலந்து மறுபடி கணக்கிட்டால் கிடைப்பது நிறையிட்ட சராசரி.

கற்பனைத் தொடர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அதன் பொதுச் சராசரி 8. சேர்க்கும் கற்பனை வாக்காளர் 100 பேர். முதல் எபிசோடுக்கு 12 பேர் வாக்களித்து சராசரி 9.6 வந்திருக்கிறது. இரண்டாவதற்கு 900 பேர், சராசரி 9. வெறும் சராசரியைப் பார்த்தால் முதலாவதுதான் மேலே. இப்போது நூறு பேரையும் சேருங்கள். முதலாவதில் 115.2 உடன் 800 சேர்ந்து 915.2, அதை 112 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.17. இரண்டாவதில் 8,100 உடன் 800 சேர்ந்து 8,900. அதை 1,000 ஆல் வகுத்தால் 8.9. வரிசை தலைகீழாகிவிட்டது. வாக்கு குறைந்த எபிசோடைக் கற்பனை நூறு பேர் நடுப்பக்கம் இழுத்துவிட்டார்கள். வாக்கு நிறைந்ததை அவர்களால் பெரிதாக அசைக்க முடியவில்லை.

ஐஎம்டிபியின் புகழ்பெற்ற 250 படப் பட்டியலுக்கு இதே வகைச் சூத்திரம்தான் அடிப்படை. தனித்தனி மதிப்பெண்ணுக்கும் வெறும் கூட்டல் வகுத்தலோடு நிறுத்துவதில்லை என்று அந்தத் தளமே சொல்கிறது. முழு வழிமுறையை மட்டும் வெளியிடுவதில்லை. வெளியிட்டால், கூட்டம் சேர்த்து வாக்குப் போடுகிறவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

யார் மிச்சம் இருந்து வாக்களிக்கிறார்கள்

வாக்கு எண்ணிக்கைச் சிக்கலைச் சூத்திரம் தீர்த்துவிடும். இது அதைவிடப் பெரிய சிக்கல், சூத்திரத்துக்கு மசியாதது.

ஒரு தொடரின் முதல் எபிசோடைப் பலதரப்பட்டவர் பார்க்கிறார்கள். பிடிக்காதவர் இரண்டாவது மூன்றாவதோடு விலகிவிடுகிறார்கள். ஐந்தாவது சீசன் வரை உட்கார்ந்திருப்பவர் யார்? ஏற்கெனவே அதில் ஊறிப்போனவர். அவர்தான் ஐந்தாவது சீசனுக்கு மதிப்பெண் போடுகிறார். அந்த மாம்பழக் கடைக்கு ஆடி மாதத்திலும் தேடி வருகிறவர் போன வாரம் வாங்கித் தின்று ருசி கண்டவர்தானே. அவரிடம் பழம் எப்படி என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? இப்படி, பதில் சொல்ல வருகிறவர்கள் தாங்களாகவே தேர்ந்து வருவதால் எண் ஒரு பக்கம் சாய்வதைச் சுயதேர்வுச் சாய்வு என்பார்கள்.

இதனால், தொடரின் கடைசிப் பகுதியில் எழுத வந்த எழுத்தாளருக்கு ஆரம்பத்தில் எழுதியவரைவிட எண் கூடுதலாக விழ வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் எழுதியவர் கதைமாந்தரை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த முடிச்சை அவிழ்த்தவருக்குக் கைதட்டல். கல்யாண வீட்டில் சமைத்தவரை விட்டுவிட்டுப் பரிமாறியவரைப் பாராட்டுவது நமக்கும் பழக்கம்தான்.

சுயதேர்வைத் தவிர்க்க ஒரு வழி, கேட்கிறவரே ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. பிரிட்டனின் பிபிசி அப்படிச் செய்தது: முன்கூட்டியே சேர்த்து வைத்த பார்வையாளர் குழுவிடம் நிகழ்ச்சிகளுக்கு 10-க்கு எவ்வளவு என்று கேட்டு, சராசரியை நூற்றுக்கு மாற்றி, பாராட்டுக் குறியீடு என்று வைத்துக்கொண்டது. அங்கேயும் ஒரு வேடிக்கை. 'டாக்டர் ஹூ' தொடரில் ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதி 2008-இல் நான்காவது சீசனை முடித்துவைத்த இரண்டு எபிசோடுகளும் 91 வாங்கின. அதே டேவிஸ் 2006-இல் சீசன் நடுவில் எழுதிய 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' எழுபதுகளிலேயே நின்றுவிட்டது. குழுவைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும், கதையின் எந்த இடத்தில் எபிசோட் வருகிறது என்பதன் பாரம் எண்ணில் ஏறித்தான் இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வாக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தால் சராசரியை நம்பக் கூடாது. வாக்கு நிறைய இருந்தாலும், போட்டவர் யார் என்பதும் எபிசோட் தொடரில் எங்கே நிற்கிறது என்பதும் எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன.

ஒரே கை எழுதிய உச்சியும் அடியும்

இதற்கு என்னிடம் இருப்பதில் சிறந்த உதாரணம் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடர். 2008 முதல் 2013 வரை ஐந்து சீசன், 62 எபிசோட். 2013 செப்டம்பர் 15 அன்று வந்த 'ஓசிமேண்டியாஸ்' முடிவுக்கு இரண்டு எபிசோட் முன்னால் வருவது. ஐஎம்டிபியில் பல ஆண்டுகள் பத்துக்குப் பத்தாகவே நின்றது. எழுதியவர் மோய்ரா வாலி-பெக்கெட்; இயக்கியவர் ரியன் ஜான்சன். அந்த எழுத்துக்காக 2014-இல் எம்மி விருதும் அவருக்குக் கிடைத்தது.

அந்தத் தொடரிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியது எது தெரியுமா? 2010 மே மாதம் வந்த 'ஃப்ளை'. எட்டுக்குக் கீழே. எழுதியவர்கள் சாம் காட்லினும் அதே மோய்ரா வாலி-பெக்கெட்டும். இயக்கியவர் அதே ரியன் ஜான்சன்.

ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி உடனே கேட்டாள்: "அப்படியென்றால் மூன்று வருடத்தில் அவர் எழுதக் கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாமா சார்?" நல்ல கேள்வி. ஆனால் 'ஃப்ளை' எப்படி உருவானது என்று தெரிந்தால் பதில் வேறு. அந்த சீசனில் பணம் இறுக்கிப் பிடித்தது. புது இடங்களில் படம் பிடிக்க வழியில்லை. ஆகவே ஏற்கெனவே இருக்கும் ஒரே அரங்கில், இரண்டே நடிகர்களை வைத்து ஓட்டும்படி எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் ஓர் ஈ நுழைந்துவிடுகிறது. நாயகன் அதைத் துரத்துகிறான். தூக்கம் கெட்ட அவன் வாயிலிருந்து, சொல்லக் கூடாத உண்மை வெளியே வந்துவிடுமோ என்ற பதைப்பிலேயே நேரம் போகிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. சீசன் முடியப்போகும் பரபரப்பில் வந்து உட்கார்ந்தவருக்கு இது எரிச்சலாகவும், மனிதர்களின் உள்ளே போக விரும்பியவருக்கு விருந்தாகவும் இருந்தது. எனக்கு இரண்டாவது கட்சி.

கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா மாம்பழத்தில் பெரும்பங்கு கூழ் ஆலைக்குப் போகிறது. செந்தூராவை நினைத்துக்கொண்டு அதைக் கடித்தவர் முகத்தைச் சுளிப்பார். பழம் கெட்டுப்போனதால் அல்ல, அவர் கேட்டு வந்தது வேறு. 'ஃப்ளை'யின் மதிப்பெண்ணில் அந்தச் சுளிப்புக்குப் பங்கு உண்டு.

இங்கே சிதறல் என்ற இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகிக் கிடக்கின்றன என்பது சிதறல். நூறு பேரும் 8 போட்டாலும் சராசரி 8. எழுபது பேர் 10-ம் இருபத்தெட்டுப் பேர் 3-ம் இரண்டு பேர் 8-ம் போட்டாலும் சராசரி 8. முதலாவது எல்லோருக்கும் பரவாயில்லை. இரண்டாவது பலருக்கு உயிர், சிலருக்கு வேம்பு. வரிசைப் பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். ஆகவே எபிசோடின் மொத்த எண்ணைப் பார்த்தவுடன் நகராமல், அதன் கீழே எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்ற பட்டை வரைபடத்தையும் திறந்து பார்க்க வேண்டும். வரிசை கட்டுகிறவர்களில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

பக்கத்து எபிசோடோடு ஒப்பிடுங்கள்

அப்படியானால் மதிப்பெண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். அதிலிருந்து கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுப் பார்க்கலாம்.

மறுபடியும் கற்பனைக் கணக்கு. ஒருவர் கடைசி சீசனில் ஐந்து எபிசோட் எழுதினார். அவற்றின் சராசரி 9.1. இன்னொருவர் முதல் சீசனில் ஐந்து எழுதினார், சராசரி 8.3. முதலாமவர் 0.8 முன்னால். இப்போது அந்தந்த சீசனின் சராசரியைப் பாருங்கள். கடைசி சீசனுக்கு 9.2, முதல் சீசனுக்கு 7.9. முதலாமவர் தன் சீசனைவிட 0.1 கீழே, இரண்டாமவர் தன் சீசனைவிட 0.4 மேலே. எழுத்தால் எபிசோடைத் தூக்கிப் பிடித்தவர் இரண்டாமவர் என்று சொல்ல இப்போது கொஞ்சமாவது ஆதாரம் இருக்கிறது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. சீசனின் முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் யார் கைக்குப் போகின்றன? பெரும்பாலும் தலைமை எழுத்தாளர் கைக்கு. 'பிரேக்கிங் பேட்' தொடரின் முதல் எபிசோடையும் நிறைவு எபிசோடையும் எழுதி இயக்கியவர் அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே. முடிவு எபிசோடில் சும்மா நின்றாலே எண் ஏறும் என்றிருக்க, அங்கே நிற்பவரை நடுவில் நிற்பவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. முடிந்தால் நடு எபிசோடை அதன் முன்பின் எபிசோடுகளோடும், முடிவு எபிசோடை மற்ற சீசன்களின் முடிவு எபிசோடுகளோடும் ஒப்பிடுங்கள். இன்னொன்று: இரண்டோ மூன்றோ எபிசோட் மட்டும் எழுதியவரை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மூன்று வாயை நம்பி வாங்கக் கூடாது என்ற அதே கதைதான்.

பெயர் போட்டவர்தான் எழுதினாரா

அமெரிக்கத் தொடர்களில் எழுத்தாளர் அறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து, சீசன் முழுவதையும் காட்சி காட்சியாகப் பிரித்துப் பலகையில் குத்திவைப்பார்கள். பிறகு ஒவ்வொரு எபிசோடையும் ஒருவரிடம் எழுதக் கொடுப்பார்கள். எழுதி வந்ததைத் தலைமை எழுத்தாளர் திருத்துவார். சில நேரம் பாதிக்கு மேல் மாற்றுவார். ஆக, திரையில் தெரியும் பெயர் அந்த எபிசோடின் பிரதியை எழுதியவருடையது. அதிலுள்ள எல்லா யோசனையும் அவருடையது என்று பொருளில்லை.

இரண்டு பெயர் வந்தால் நடுவில் இருப்பதையும் கவனியுங்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்க விதிப்படி, நடுவே '&' குறி இருந்தால் இருவரும் ஜோடியாகச் சேர்ந்து எழுதினார்கள் என்று அர்த்தம்; 'அண்ட்' என்று எழுத்தால் போட்டிருந்தால் தனித்தனியாக, ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதினார் என்று அர்த்தம். முழு மதிப்பெண்ணையும் இருவர் கணக்கிலும் எழுதிவிடும் பட்டியல்காரருக்கு இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

நம் சீரியலுக்கு இது ஒத்துவருமா

அப்படியே ஒத்துவராது. நம் தொடர்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று மூன்று பெயர் வருவது சாதாரணம். இந்த மூவரில் எவரை வரிசைப்படுத்துவது? அடுத்தது, நீளம். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 எபிசோடைத் தாண்டியது. அப்படிப்பட்ட தொடரில் எபிசோட் வாரியாக யார் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்? தளங்களில் நம் தொடருக்கு மொத்தமாக ஓர் எண் இருக்கும். தனி எபிசோடுக்கு வாக்கு இருந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மேலே சொன்ன நிறையிட்ட சராசரியைப் போட்டால், எல்லா எபிசோடும் பொதுச் சராசரியில் போய் ஒட்டிக்கொள்ளும். வரிசை என்று ஒன்று மிஞ்சாது.

மிஞ்சுவது வாராந்தர டிஆர்பி. அது பிடித்ததா என்று சொல்லாது என்று முன்பே பார்த்தோம். எங்கள் தெருவில் சீரியல் பார்க்கும் பெரியம்மா ஒருவர், "இப்போது பேசுவது அந்த மாமியார் மாதிரி இல்லை, எழுதுகிற ஆளை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காதுக்கு முன்னால் டிஆர்பி ஒன்றுமே இல்லை என்பது என் கட்சி.

இருந்தாலும் எண்ணால்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லி அனுப்புவேன். டைட்டிலில் வசனம் என்ற வரியில் பெயர் மாறும் தேதியைக் குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய எட்டு வாரம், பிந்தைய எட்டு வாரம், இரண்டின் டிஆர்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் எதிர்ச் சேனலில் புதுத் தொடர் எதுவும் தொடங்கியதா, ஐபிஎல் நடந்ததா, பண்டிகை விடுமுறை வந்ததா, நேரம் மாற்றப்பட்டதா என்று பார்த்து, அந்த வாரங்களை நீக்குங்கள். மீதி வாரங்கள் இரண்டு பக்கமும் நான்கு நான்காவது தேறினால் என்னிடம் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.